பதினேழாம் படம்

இருபத்தைந்து தலைகள்.
எல்லாம் பக்கவாட்டில், எல்லாம் வலப்பக்கம் பார்த்தபடி,
வராத பேருந்தை ஒருசேர எதிர்பார்ப்பவர்கள் மாதிரி.

எடுத்தவள் நான். பெயர் நீபியா.
மொன்டேவீடியோவில் ஒரு பல் மருத்துவமனை, கீழ்த்தளம்,
காதில் கம்பி பொருத்துகிறவள்.
"பல்லைக் கடி. எச்சில் விழுங்கு. இனி அசையாதே."
பதினொரு வருடமாக, நாளுக்கு முப்பது முறை.

பெயர்களை மறைத்து எண் ஒட்டியதும் நான்தான்.
ஐந்து மருத்துவர்கள், ஒருவர் தாளை மற்றவர் பாராமல்,
ஒளிப்பெட்டிமேல் கண்ணாடித்தாள் பரப்பி
தலைக்குப் பத்தொன்பது புள்ளி வைக்க வேண்டும்.
இரண்டு வாரம் கழித்து அதே படங்கள்,
வரிசையைக் கலைத்து, மறுபடியும்.
மற்றவரோடு ஒத்துப்போகிறார்களா என்பது முதல் கேள்வி.
தன்னோடு ஒத்துப்போகிறார்களா என்பது அடுத்தது.
அதைக் கேட்டதும் டாக்டர் இரிகோயென் சிரித்தார்:
"என் மனைவி இதை எப்போதோ அளந்து வைத்துவிட்டாள்."

ஜூலை. குளிர். ஜன்னலைப் பம்பேரோ காற்று முட்டிக்கொண்டிருந்தது.
டாக்டர் பக்லியானி, அக்குளில் ஃபிளாஸ்க்கை இடுக்கியபடி
மாத்தே உறிஞ்சி உறிஞ்சிப் பென்சில் சீவுவார்.
இளையவர் ஃபசுந்தோ மூச்சை அடக்கிக்கொண்டு வைப்பார்,
குறி பார்த்துச் சுடுகிறவரைப் போல.
டாக்டர் எத்தெல்வினா அழிப்பார், வைப்பார், அழிப்பார்.
மாலையில் அவர் மேசையைத் துடைத்தால்
கை நிறைய ரப்பர் துகள்.

ஆகஸ்டில் ஐந்து தாள்களையும் அடுக்கி
வெளிச்சத்தில் பிடித்தோம்.

செல்லா என்று ஒரு புள்ளி.
மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம்போல் ஒரு குழி,
அந்தக் குழியின் நடு.
அங்கே எலும்பே கிடையாது.
ஐவர் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
ஒரே கறுப்பு.
ஒன்றும் இல்லாத இடத்தில் அத்தனை ஒற்றுமை.

எலும்பு இருக்கும் இடத்தில்தான் தகராறு.
தாடை மூலை எல்லாருக்கும் இரண்டு,
நிழலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.
நடுவில் வை என்கிறது விதி.
நடு எது என்று விதி சொல்வதில்லை.
காதுத் துளையின் மேல்விளிம்பைக் கேட்கவே வேண்டாம்,
கொட்டிய மிளகு.

பதினேழாம் படத்தில் அந்த மிளகு
நாலு மில்லிமீட்டர் பரந்து கிடந்தது.
"நாலு மில்லிமீட்டர் என்பது வேறொரு முகம்" என்றார் எத்தெல்வினா.
கண்ணைக் குற்றம் சொன்னார் ஒருவர்.
பென்சிலை ஒருவர்.
பாடப்புத்தகத்தின் வரையறையை ஃபசுந்தோ,
அவர் அதை மனப்பாடமாகவே சொன்னார்.

நான் டிரேயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரியும்.
பதினேழு என்பது மைதேனா, பன்னிரண்டு வயது,
செர்ரோ குன்றிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவள்.
காதுக் கம்பி கூசுகிறது என்று சிரித்துவிட்டாள்,
நான் பொத்தானை அழுத்திய அதே நொடியில்.
தலை ஒரு நூல் திரும்பியது.
இரண்டு காதும் பிரிந்தன, இரண்டு தாடையும் பிரிந்தன.
மருத்துவர்கள் நாலு மாதிரி வாதாடியது
ஒரு சிரிப்பை.

சொன்னேன்.
"ஏன் திரும்ப எடுக்கவில்லை?" என்றார் இரிகோயென்.
சின்னப் பிள்ளை, டாக்டர்.
இன்னொரு தடவை கதிர் பாய்ச்ச மனம் வரவில்லை.

யாரும் எதுவும் பேசவில்லை.
பக்லியானி மாத்தேயை என் பக்கம் நீட்டினார்,
அதுவரை அது மருத்துவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.
படத்தை நீக்கலாமா என்று ஃபசுந்தோ கேட்டார்.
"இருக்கட்டும்" என்றார் எத்தெல்வினா,
"நாளைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் வருவார்கள்."
அட்டவணையில் பதினேழு அப்படியே போனது,
மற்ற வரிசைகளின் மானத்தை வாங்கிக்கொண்டு.

அடுத்த வருடம் மைதேனா வந்தாள்.
வாய் நிறையக் கம்பி, ஒரு சாண் வளர்த்தி.
காதில் பொருத்தியதும் கூசுகிறது என்றாள்.

சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
பிறகு அழுத்தினேன்.